சையத் அப்துல் ரகீம்

சையத் அப்துல் ரகீம் (17 ஆகஸ்ட் 1909 – 11 ஜூன் 1963) ஐதராபாத்தைச் சேர்ந்த இந்தியக் கால்பந்துப் பயிற்றுநர். பள்ளி ஆசிரியராக வாழ்க்கையைத் தொடங்கிய இவர், 1950 முதல் தம் இறுதிக்காலம் வரை ஐதராபாத் நகரக் காவல்துறை அணிக்குப் பயிற்சி அளித்தார். இந்திய தேசிய அணியையும் இக்காலத்தில் பல பன்னாட்டுப் போட்டிகளுக்கு ஆயத்தப்படுத்தினார். ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் கால்பந்துக்காக இந்தியா இதுவரை பெற்றுள்ள தங்கப் பதக்கங்கள் இரண்டு. 1951இல் புது தில்லியிலும் 1962இல் ஜகார்த்தாவிலும் கிடைத்த அவ்விரண்டும் இவருடைய பயிற்சியில் வந்தவை. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா நான்காம் இடம் பெற்றபோதும் இவரே பயிற்றுநர். வீரர்கள் இவரை ‘ரகீம் சாகிப்’ என்று மரியாதையுடன் அழைத்தனர்.

இளமையும் ஆசிரியப் பணியும்

ரகீம் ஐதராபாத்தில் பிறந்தார். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் பயின்று இளங்கலைப் பட்டம் பெற்றார். பல்கலைக்கழக அணியிலும் பின்னர் உள்ளூர்க் கழகங்களிலும் கால்பந்து ஆடினார். படிப்பு முடிந்ததும் ஆசிரியரானார். ஐதராபாத்தில் காச்சிகுடா நடுநிலைப் பள்ளி, தாருல் உலூம் உயர்நிலைப் பள்ளி, சாதர்காட் உயர்நிலைப் பள்ளி முதலிய பள்ளிகளில் பணியாற்றினார். உடற்கல்வியில் பட்டயம் பெற்று, பள்ளிகளில் விளையாட்டுப் பொறுப்பையும் ஏற்றார்.

அக்காலத்தில் இந்தியாவில் விளையாட்டுப் பயிற்றுநர்களை உருவாக்குவதற்கென்று தேசிய நிறுவனம் எதுவும் இல்லை. பாட்டியாலாவிலுள்ள தேசிய விளையாட்டு நிறுவனம் 1961இல்தான் தொடங்கப்பட்டது. ஆகவே ரகீமுக்குப் பயிற்சிக் கல்லூரியாக அமைந்தவை பள்ளி மைதானங்களே. மாணவனின் குறை எது என்று கண்டறிதல், அக்குறைக்கு ஏற்ற பாடத்தை வகுத்தல், அவன் கற்றுக்கொள்ளும் வரை திரும்பத் திரும்பச் செய்ய வைத்தல் ஆகிய மூன்றும் ஆசிரியர்கள் நாள்தோறும் செய்யும் வேலைகள். ரகீமின் கால்பந்துப் பயிற்சியையும் இம்மூன்றைக் கொண்டு புரிந்துகொள்ளலாம்.

1943இல் அவர் ஐதராபாத் கால்பந்துச் சங்கத்தின் செயலாளரானார். இந்தப் பதவி அவருக்கு நகரின் எல்லாக் கழகங்களோடும் இளம் வீரர்களோடும் தொடர்பை ஏற்படுத்தியது. போட்டிகளை நடத்துபவரும் திறமையுள்ள சிறுவர்களைத் தேடிப் பிடிப்பவரும் பயிற்சி அளிப்பவரும் ஒருவராகவே இருந்தார்.

ஐதராபாத் காவல்துறை அணி

1950இல் ரகீம் ஐதராபாத் நகரக் காவல்துறை அணியின் பயிற்றுநர் பொறுப்பை ஏற்றார். அப்போது இந்தியக் கால்பந்தின் தலைநகரம் கல்கத்தா. மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் ஆகிய கழகங்களுக்குப் பணமும் பார்வையாளர் கூட்டமும் இருந்தன. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வீரர்கள் அங்குச் சென்று சேர்ந்தனர். இதற்கு மாறாக, காவல்துறை அணி அரசுத் துறை ஒன்றின் அணி.

இந்த அணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் பம்பாயில் நடைபெறும் ரோவர்ஸ் கோப்பையை வென்றது. 1957இல் மீண்டும் அக்கோப்பையைக் கைப்பற்றியது. நாட்டின் மிகப் பழைய கால்பந்துப் போட்டியான டியூரண்டு கோப்பையை 1950, 1954, 1957 ஆகிய ஆண்டுகளில் வென்றது. ஆந்திரப் பிரதேசக் காவல்துறை அணி என்று பெயர் மாறிய பின் 1961இலும் டியூரண்டு கோப்பை இந்த அணிக்கே கிடைத்தது. மாநிலங்களுக்கு இடையிலான சந்தோஷ் கோப்பையை 1956–57, 1957–58 பருவங்களில் ஐதராபாத் அணி அடுத்தடுத்து வென்றதும் இதே காலத்தில்தான்.

பயிற்சி முறை

அக்கால இந்திய வீரர்கள் பலர் வெறுங்காலுடன் ஆடியே வளர்ந்தவர்கள். பந்தைக் காலோடு ஒட்டி வைத்துக்கொண்டு எதிரிகளை ஏமாற்றி முன்னேறும் ‘டிரிப்ளிங்’ ஆட்டமே பெரும் திறமையாகப் போற்றப்பட்டது. பார்ப்பதற்கு அழகாக இருந்தாலும், உடல் வலிமையும் வேகமும் மிக்க வெளிநாட்டு அணிகளிடம் அது எடுபடவில்லை. பந்தை நெடுநேரம் வைத்திருப்பவரை இரண்டு மூன்று பேர் சூழ்ந்துகொள்வர். பந்து பறிபோகும். மேலும், உள்நாட்டுப் போட்டிகள் பல 90 நிமிடத்தைவிடக் குறைந்த நேரமே நடந்தன. அதனால் முழுநேரப் பன்னாட்டு ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் வீரர்கள் களைத்துப்போயினர்.

இக்குறைகளை ரகீம் அறிவுரையால் மட்டும் திருத்த முயலவில்லை. விளையாட்டின் விதிகளையே மாற்றிப் பயிற்சிப் போட்டிகளை நடத்தினார்.

*டிரிப்ளிங் இல்லாத போட்டி:* இதில் பந்தைக் காலில் வைத்துக்கொண்டு ஓடுவதற்கு அனுமதி இல்லை. வந்த பந்தை உடனே சக வீரருக்குக் கொடுத்துவிட வேண்டும். இப்படி ஆடும்போது, பந்து தன்னிடம் வருவதற்கு முன்பே அதை யாருக்குக் கொடுப்பது என்று வீரர் யோசித்தாக வேண்டும். பந்து இல்லாதவரும் சும்மா நிற்க முடியாது. பந்தை வாங்குவதற்கு ஏற்ற இடத்துக்கு ஓடியாக வேண்டும்.

*பழக்கமில்லாத காலால் ஆடும் போட்டி:* பெரும்பாலோருக்கு வலக்கால் வசப்பட்டிருக்கும். இடக்கால் பெயருக்கு இருக்கும். எதிரணித் தடுப்பாளர் இதைத் தெரிந்துகொண்டால், வலப்பக்கத்தை அடைத்து நின்றாலே போதும். ஆகவே வலுவற்ற காலால் மட்டுமே பந்தை உதைக்கலாம் என்ற விதியுடன் போட்டிகள் நடந்தன. சில மாதங்களில் இரு கால்களும் ஓரளவு சமமாகப் பழகின.

ஆட்ட அமைப்பிலும் ரகீம் புதுமைகளைப் புகுத்தினார். 1953 நவம்பரில் ஹங்கேரி அணி இங்கிலாந்தை அதன் சொந்த மண்ணான வெம்பிளியில் 6–3 என்று வீழ்த்தியது. ஹங்கேரியின் நடு முன்கள வீரர் ஹிடேகுட்டி, வழக்கம்போல எதிரணியின் கோல் அருகே நில்லாமல் பின்னே இறங்கி ஆடினார். அவரைக் காக்க வேண்டிய தடுப்பாளருக்குப் பின்தொடர்ந்து செல்வதா, தம் இடத்திலேயே நிற்பதா என்று குழப்பம். பின்தொடர்ந்தால் பின்களத்தில் இடைவெளி விழும்; நின்றுவிட்டால் ஹிடேகுட்டி தடையின்றிப் பந்தைப் பிரித்துக் கொடுப்பார். பின்னே இறங்கி ஆடும் இந்த முன்கள வீரர் முறையை ரகீம் இந்திய வீரர்களுக்கு ஏற்றவாறு பயன்படுத்தினார்.

நால்வர் பின்களத்திலும் இருவர் நடுக்களத்திலும் நால்வர் முன்களத்திலும் ஆடும் 4-2-4 அமைப்பை இந்தியாவுக்குக் கொண்டுவந்த முன்னோடிகளில் ஒருவராகவும் அவர் கருதப்படுகிறார். 1958 உலகக் கோப்பையில் பிரேசிலின் வெற்றிக்குப் பிறகு உலகெங்கும் பரவிய அமைப்பு இது.

தேசிய அணியில் தொடக்க ஆண்டுகள்

முதலாவது ஆசிய விளையாட்டுப் போட்டி 1951 மார்ச்சில் புது தில்லியில் நடைபெற்றது. சைலேன் மன்னா தலைமையிலான இந்திய அணி இந்தோனேசியாவையும் ஆப்கானிஸ்தானையும் தலா 3–0 என்று வென்றது. இறுதிப் போட்டியில் ஈரானை 1–0 என்று வீழ்த்தியது. அந்த ஒரே கோலை அடித்தவர் சாகு மேவாலால்.

அடுத்த ஆண்டே பெருஞ்சரிவு நேர்ந்தது. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியா இந்தியாவை 10–1 என்று தோற்கடித்தது. குளிர்ந்த ஈரத் தரையில் இந்திய வீரர்கள் பலர் வெறுங்காலுடன் ஆடினர். இந்தத் தோல்விக்குப் பிறகு கால்பந்துக் காலணி அணிந்து ஆடுவது இந்தியாவில் கட்டாயமாக்கப்பட்டது. காலணி மாறினால் போதாது, ஆட்டமே மாற வேண்டும் என்பது ரகீமின் பணியாக அமைந்தது.

இந்தியா, பாகிஸ்தான், பர்மா, இலங்கை ஆகிய நாடுகள் மோதிய கொழும்புக் கோப்பை 1952 முதல் 1955 வரை நான்கு முறை நடைபெற்றது. முதல் முறை இந்தியாவும் பாகிஸ்தானும் கோப்பையைப் பகிர்ந்துகொண்டன. மற்ற மூன்று முறையும் இந்தியா வென்றது.

மெல்போர்ன், 1956

1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் முதல் சுற்றில் ஹங்கேரி விலகியதால் இந்தியா நேரடியாகக் காலிறுதிக்குச் சென்றது. அங்கே போட்டியை நடத்திய ஆஸ்திரேலியாவை 4–2 என்று வென்றது. நெவில் டிசூசா மூன்று கோல்கள் அடித்தார். ஒலிம்பிக் கால்பந்தில் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் அடித்த முதல் ஆசியர் அவரே. ஒலிம்பிக் கால்பந்து அரையிறுதியை எட்டிய முதல் ஆசிய அணி என்ற பெருமையும் இந்தியாவுக்குக் கிடைத்தது.

அரையிறுதியில் எதிரே நின்றது அதே யூகோஸ்லாவியா. முற்பாதியில் கோல் இல்லை. 52ஆவது நிமிடத்தில் டிசூசா கோல் அடித்து இந்தியாவை முன்னிலைக்குக் கொண்டுவந்தார். ஆனால் அடுத்த ஐந்து நிமிடங்களுக்குள் யூகோஸ்லாவியா இரண்டு கோல்களைத் திருப்பி அடித்தது. இறுதியில் 4–1 என்று வென்றது. வெண்கலத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடம் இந்தியா 0–3 என்று தோற்று நான்காம் இடம் பெற்றது.

பதக்கம் கிடைக்கவில்லை என்றாலும், நான்கு ஆண்டுகளுக்கு முன் பத்து கோல் வாங்கிய அணி, அதே எதிரிக்கு எதிராக ஒலிம்பிக் அரையிறுதியில் முன்னிலை பெற்றது என்பதே ரகீமின் பணிக்குச் சான்று.

உரோம், 1960

1960 உரோம் ஒலிம்பிக்கில் ஹங்கேரி, பிரான்ஸ், பெரு ஆகியவை இருந்த கடினமான பிரிவில் இந்தியா இடம்பெற்றது. ஹங்கேரியிடம் 1–2 என்ற குறுகிய இடைவெளியில் தோற்றது. பிரான்சுடன் 1–1 என்று சமன் செய்தது. அந்த ஆட்டத்தில் அணித்தலைவர் பி. கே. பானர்ஜி அடித்த கோலால் இந்தியா முன்னிலை பெற்றிருந்தது. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது பிரான்ஸ் சமன் செய்தது. பெருவிடம் 1–3 என்று தோற்றதால் அடுத்த சுற்றுக்குச் செல்ல இயலவில்லை. அதன் பிறகு இந்திய ஆடவர் அணி ஒலிம்பிக் கால்பந்துக்குத் தகுதி பெறவில்லை.

ஜகார்த்தா, 1962

1962 ஆகஸ்டில் நான்காவது ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக ஜகார்த்தா சென்றபோது ரகீம் நோயுற்றிருந்தார். அவருக்குப் புற்றுநோய். அணியின் தலைவர் சுனி கோஸ்வாமி.

முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் இந்தியா 0–2 என்று தோற்றது. அடுத்து தாய்லாந்தை 4–1 என்றும் ஜப்பானை 2–0 என்றும் வென்று அரையிறுதிக்கு முன்னேறியது. ஆனால் தாய்லாந்துடனான ஆட்டத்தில் பின்களத் தூணான ஜர்னைல் சிங்குக்குத் தலையில் காயம் ஏற்பட்டுத் தையல் போட வேண்டியதாயிற்று.

பின்கள வீரர் உயரே வரும் பந்துகளை நாள் முழுதும் தலையால் முட்டி விலக்க வேண்டும். தையல் போட்ட தலையோடு அது இயலாது. அவரை உட்கார வைப்பதே எவரும் எதிர்பார்த்த முடிவு. ரகீம் அவரை முன்கள வீரராக இறக்கினார். உயரமும் வலிமையும் அஞ்சாமையும் கொண்ட ஜர்னைல் சிங் எதிரணித் தடுப்பாளர்களுக்குப் பெரும் தொல்லையானார். தென் வியட்நாமுடனான அரையிறுதியில் 3–2 என்று இந்தியா வென்றபோது, கோஸ்வாமி இரண்டு கோல்களும் ஜர்னைல் சிங் ஒரு கோலும் அடித்தனர்.

இதற்கிடையே மைதானத்துக்கு வெளியே சூழல் கெட்டிருந்தது. இஸ்ரேல், தைவான் நாட்டினரை இந்தோனேசியா போட்டியில் சேர்க்க மறுத்ததை இந்திய விளையாட்டு நிர்வாகி ஜி. டி. சோந்தி வெளிப்படையாகக் கண்டித்தார். இதனால் இந்தியாவுக்கு எதிராக ஜகார்த்தாவில் கலவரம் மூண்டது. இந்தியத் தூதரகமும் தாக்கப்பட்டது. இறுதிப் போட்டியில் சுமார் ஒரு லட்சம் பேர் கூடியிருந்த அரங்கில் இந்தியாவின் நாட்டுப்பண் இசைத்தபோதே கூச்சல் எழுந்தது. அந்தக் கூட்டத்தில் இந்தியாவுக்காகக் குரல் கொடுத்தவர்களுள் பாகிஸ்தான் ஹாக்கி வீரர்களும் இருந்தனர் என்பது பலர் நினைவுகூரும் செய்தி.

இறுதிப் போட்டிக்கு முந்தைய இரவு ரகீம் வீரர்களைக் கூட்டி, தமக்கு ஒரே ஒரு பரிசு வேண்டும் என்றும் அது தங்கப் பதக்கம் என்றும் கேட்டதாக வீரர்கள் பின்னாளில் கூறியுள்ளனர்.

எதிரணி மீண்டும் தென் கொரியா. ரகீம் மற்றொரு மாற்றத்தையும் செய்தார். முந்தைய ஆட்டங்களில் கோல் காத்தவர் பிரத்யுத் பர்மன். உடல்நலம் குன்றியிருந்த பீட்டர் தங்கராஜ் தேறியதும், உயரப் பந்துகளை அதிகம் நம்பும் கொரியர்களுக்கு எதிராக நெடிய உருவம் கொண்ட அவரையே இறுதிப் போட்டியில் நிறுத்தினார்.

செப்டம்பர் 4ஆம் நாள் நடந்த அந்த ஆட்டத்தில் 17ஆவது நிமிடத்தில் பி. கே. பானர்ஜி முதல் கோலை அடித்தார். மூன்று நிமிடம் கழித்து ஜர்னைல் சிங் இரண்டாவது கோலை அடித்தார். கொரியாவால் ஆட்டத்தின் இறுதிக் கட்டத்தில் ஒரு கோல் மட்டுமே அடிக்க முடிந்தது. இந்தியா 2–1 என்று வென்று தங்கம் பெற்றது.

மறுநாள் 1962 செப்டம்பர் 5. திருத்தணியில் பிறந்த ஆசிரியரும் அவ்வாண்டு மே மாதம் குடியரசுத் தலைவரானவருமான சர்வபள்ளி இராதாகிருஷ்ணனின் பிறந்தநாள், ஆசிரியர் நாளாக நாடு முழுவதும் முதன்முதலாகக் கொண்டாடப்பட்டது அன்றுதான்.

ரகீமும் தமிழ் வீரர்களும்

ரகீமின் அணிகளில் தமிழர்களுக்குச் சிறப்பான இடம் இருந்தது. செகந்திராபாத் படைமுகாமைச் சுற்றித் தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்ந்தன. அங்குள்ள அம்முகுடாவில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர் துளசிதாஸ் பலராம். ஐதராபாத்துக்குப் பயிற்சிக்கு வருமாறு ரகீம் அழைத்தபோது, தினமும் வந்துபோக வசதியில்லை என்று அந்த இளைஞர் தயங்கினார். வாடகை மிதிவண்டிக்காக நாளொன்றுக்கு ஒரு ரூபாயை ரகீம் தந்தார் என்று பலராம் பின்னாளில் நன்றியுடன் நினைவுகூர்ந்தார். அந்த இளைஞர் மெல்போர்ன், உரோம் ஒலிம்பிக் அணிகளில் இடம்பெற்றார். உரோமில் ஹங்கேரிக்கு எதிராக இந்தியாவின் கோலை அடித்தவர் அவரே. ஜகார்த்தாவில் தாய்லாந்து, ஜப்பான் ஆட்டங்களிலும் கோல் அடித்தார். 1962ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருது அவருக்குக் கிடைத்தது.

கோல் காப்பாளர் பீட்டர் தங்கராஜும் ஐதராபாத்தில் பிறந்தவரே. இராணுவத்தில் சேர்ந்து, நீலகிரி மாவட்டம் வெலிங்டனிலுள்ள மதராஸ் ரெஜிமென்ட் மையத்தின் அணிக்காக ஆடினார். அந்த அணி 1955, 1958 ஆகிய ஆண்டுகளில் டியூரண்டு கோப்பையை வென்றது. 1967இல் தங்கராஜுக்கு அர்ஜுனா விருது வழங்கப்பட்டது. உரோம் ஒலிம்பிக் அணியில் ஆடிய சைமன் சுந்தரராஜும் தமிழரே.

மறைவு

ஜகார்த்தா வெற்றிக்குப் பின் ரகீமின் உடல்நிலை மேலும் சீர்கெட்டது. 1963 ஜூன் 11 அன்று தம் 53ஆம் வயதில் காலமானார். தங்கம் வென்று ஒன்பது மாதங்களே ஆகியிருந்தன. அவருடைய மகன் சையத் ஷாகித் ஹக்கீம் 1960 உரோம் ஒலிம்பிக் அணியில் இடம்பெற்றவர். பின்னர் பன்னாட்டு நடுவராகவும் பயிற்றுநராகவும் பணியாற்றினார்.

மதிப்பீடு

ரகீம் வாழ்ந்த காலத்தில் பயிற்றுநர்களுக்கென்று தேசிய விருது இல்லை. துரோணாச்சார்யா விருது 1985இல்தான் ஏற்படுத்தப்பட்டது. கால்பந்துக்காக அவ்விருதை 1990இல் பெற்ற சையத் நயீமுதீன் ஐதராபாத்தில் உருவான வீரர். 1970 ஆசிய விளையாட்டில் வெண்கலம் வென்ற இந்திய அணியின் தலைவர். ரகீமிடம் ஆடிய பி. கே. பானர்ஜியும் பிற்காலத்தில் நாட்டின் புகழ்பெற்ற பயிற்றுநரானார்.

எனினும் ரகீமுக்குப் பிந்தைய வரலாறு ஏமாற்றமே. 1964 ஆசியக் கோப்பையில் இரண்டாம் இடம், 1970இல் வெண்கலம் என்று அவர் வளர்த்த தலைமுறையின் தாக்கம் சில காலம் நீடித்தது. பின்னர் இந்திய அணி ஆசியாவின் முன்னணியிலிருந்து விலகிப்போனது. தென் கொரியாவும் ஜப்பானும் பள்ளி, கழகம், தேசிய அணி என்று படிப்படியான அமைப்புகளை உருவாக்கி முன்னேறின. இந்தியாவிலோ அந்த வேலை பெரிதும் ஒரு மனிதரை நம்பியே நடந்திருந்தது. அவர் மறைந்தபோது, அதைத் தொடர்ந்து செய்வதற்கு அமைப்பு இல்லாமல் போயிற்று. அவருடைய வாழ்க்கை மாணவர்களுக்கு எவ்வளவு ஊக்கம் தருகிறதோ, அதே அளவு எச்சரிக்கையும் தருகிறது.

2024 ஏப்ரலில் அஜய் தேவ்கன் நடிப்பில் வெளியான ‘மைதான்’ என்னும் இந்தித் திரைப்படம் ரகீமின் வாழ்க்கையைத் தழுவியது. அவர் பெயரை முதன்முதலாகப் பலர் கேட்டது அப்படத்தின் வழியாகத்தான். திரைக்கதைக்காகச் செய்யப்பட்ட மாற்றங்கள் இருப்பதால் அதை வரலாற்று ஆவணமாகக் கொள்ள இயலாது.

பயிற்றுநராகப் பெற்ற முக்கிய வெற்றிகள்

தேசிய அணி:
- 1951 ஆசிய விளையாட்டு, புது தில்லி – தங்கம்
- 1952–1955 கொழும்புக் கோப்பை – நான்கு முறை (1952இல் பாகிஸ்தானுடன் பகிர்வு)
- 1956 ஒலிம்பிக், மெல்போர்ன் – நான்காம் இடம்
- 1962 ஆசிய விளையாட்டு, ஜகார்த்தா – தங்கம்

ஐதராபாத் காவல்துறை (பின்னர் ஆந்திரப் பிரதேசக் காவல்துறை):
- ரோவர்ஸ் கோப்பை – 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை, 1957இல் மீண்டும்
- டியூரண்டு கோப்பை – 1950, 1954, 1957, 1961

ஐதராபாத் மாநில அணி:
- சந்தோஷ் கோப்பை – 1956–57, 1957–58